விழுந்தவனைத் தூக்க ஓடும் சிப்பாய்கள்

என் பாசக்கார முரட்டு அண்ணனுக்கு,

நீ செய்த மோடுக்கு இன்னும் கருத்துகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. யாரோ உருவாக்கிய யுத்த விளையாட்டில், கம்ப்யூட்டர் நடத்தும் சிப்பாய்களை உன் இஷ்டத்துக்குச் சண்டை போடும்படி மாற்றி அமைத்தாயே, அந்த மோடுக்குத்தான். நீ போய்விட்டது விளையாடுகிறவர்களுக்குத் தெரியாது. உன் லேப்டாப்பில் உட்கார்ந்து நான்தான் பதில் எழுதுகிறேன்.

எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். ஒரு சிப்பாய் அடிபட்டு விழுந்தால் மற்றவர்கள் அவனைத் தூக்க ஓடி வருகிறார்களாம். ஒருவனைச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியை அங்கேயே நீட்டிக்கொண்டிருந்தால் போதும், மொத்தப் படையும் வந்து செத்துவிடுகிறதாம். "முட்டாப் பசங்க" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். படித்ததும் அழுதுவிட்டேன். அவன் சொன்னதில் என்ன பொய்?

நீ இருந்தபோதே சிலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். "அது பிழை இல்லை, அப்படித்தான் வைத்திருக்கிறேன்" என்று வீம்பாகப் பதில் போட்டிருக்கிறாய். அரியலூர் பக்கம் பழைய சுண்ணாம்புக்கல் குவாரித் தண்ணீரில் உன் கூட்டாளி பிரபு வழுக்கி விழுந்தபோதும் அப்படித்தான் குதித்தாய். உனக்கு நீச்சல் தெரியுமா அண்ணே? பிரபு பாறையைப் பிடித்து ஏறிவிட்டான். உன்னை மறுநாள்தான் எடுத்தார்கள்.

சிப்பாய்களை மாற்றப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவன் செஞ்சதுல கை வைக்காதடி. அவன் மனசு அது" என்றாள். பிரபுவிடமும் கேட்டேன். நம் வீட்டுக்குள் வர அவனுக்கு இன்னும் தைரியம் இல்லை. வாசலில் நின்றபடியே, "மாத்திடும்மா. அவனுங்க ஓடி வர்றத என்னால பாக்க முடியல" என்றான்.

நேற்று மாற்றினேன். விளையாட்டை ஓட்டிப் பார்த்தபோது ஒருவன் விழுந்தான். மற்றவர்கள் சுவருக்குப் பின்னாலேயே பதுங்கி, சுட்டவனைத் தேடினார்கள். விழுந்தவன் கிடந்த இடத்திலேயே செத்துப்போனான். மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். இதுதான் சரி. ஆனாலும் விழுந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் லேப்டாப்பைப் பிடுங்கியிருப்பாய்.

இன்று அதை வெளியிடுகிறேன். உன் பெயர்தான் அதில் இருக்கும். இன்னொரு வாக்கும் தருகிறேன். என் கண் முன்னால் யார் தண்ணீரில் விழுந்தாலும் நான் குதிக்க மாட்டேன். கயிறு தேடுவேன், துப்பட்டாவை வீசுவேன், தொண்டை கிழியக் கத்தி ஆள் கூப்பிடுவேன். விழுந்தது நீயாகவே இருந்தாலும் கரையில்தான் நிற்பேன், அண்ணே. அம்மாவுக்கு மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

உன் மேல் கோபம் தீராத தங்கச்சி,
செல்வி