உம்முடைய கமக்கட்டு நோவைப் பற்றி

அன்பான றீத்தம்மா,

எழுத்து கோணல்மாணலாய்க் கிடக்கும், பொறுத்துக்கொள்ளும். 'ழ' எழுதும்போது பேனை வழுக்கிக்கொண்டு போகிறது. வாசிகசாலையில் எங்களைப் போன்ற வயதானவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாற்பத்தொரு வருஷம் உம்மை "இஞ்சாரும்" என்றுதான் கூப்பிட்டேன். பெயரை எழுதிய பிறகுதான் அது எவ்வளவு வடிவான பெயர் என்று தெரிகிறது. ஆறு தரம் எழுதிப் பார்த்தேன்.

நீர் கண்ணை மூடின பிறகு எங்கள் மகள் ஜெனோவாவுக்கும் கமக்கட்டில், அந்த அக்குள் குழிக்குள், கட்டு வரத் தொடங்கிவிட்டது. உமக்கு வந்த அதே இடம். சீழ் வைக்கும், உடையும், ஆறும், பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். முதலில் பார்த்த டொக்டர் கண்ணால் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்று பூச்சு மருந்து தந்தார். பிள்ளை கையை உடம்போடு ஒட்டவிடாமல்தான் நித்திரை கொள்ளுவாள். கடைசியில் மருந்துக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

"போனா, ஒண்டுமில்லையெண்டுதானே சொல்லுவினம். என்னத்துக்கு அப்பா?"

போன செவ்வாய்க்கிழமை கெஞ்சித்தான் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அல்லைப்பிட்டி கழிந்து பண்ணைப் பாலம் முடியும்வரை கண்ணில் பட்ட போர்டு எல்லாவற்றையும் வாய்விட்டு வாசித்தேன். "அப்பா, மெல்ல வாசியுங்கோ. பஸ் முழுக்கச் சிரிக்குது." சிரிக்கட்டுமே! 'தோல் நோய்ப் பிரிவு' என்ற போர்டை அவளுக்கு முதல் நான்தான் கண்டுபிடித்தேன்.

அங்கே ஸ்கான் எடுக்கவேண்டும் என்றார்கள். "பிள்ளை, ஸ்கான் வயித்துக்கெல்லோ? கமக்கட்டுக்குள்ள குழந்தையோ கிடக்குது?" என்று தாதியிடம் கேட்டேன். "அப்பு, கொஞ்சம் பேசாமல் இருங்கோ" என்றவ, தானும் சிரித்துவிட்டா.

டொக்டர் அம்மா குளிர்ந்த பசையைப் பூசி, ஒரு கருவியை மெல்ல மெல்ல இழுத்தார். திரையில் தோல் சாம்பல் நிறமாய்த் தெரிந்தது. அதற்குக் கீழே கறுப்பாய் ஒரு வரி ஓடியது.

"பாருங்கோ ஐயா, வெளியில மூண்டு கட்டு. உள்ளுக்க மூண்டும் ஒண்டோட ஒண்டு சேர்ந்திருக்கு."

எனக்கு உடனே விளங்கியது. சேற்றில் நண்டுப் பொந்து மூன்று தெரியும், கையை விட்டால் உள்ளே ஒரே வழி. கண்ணுக்குத் தெரிவதைவிட நோய் கடுமை, பூச்சு மருந்து மட்டும் காணாது என்றார். ஊத்தையால் வருவதில்லை, தொற்றுவதும் இல்லையாம்.

ஜெனோவா அழுதாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"இல்லையப்பா. நான் நோவைக் கூட்டிச் சொல்லேல்லை எண்டு இப்ப தெரியுதெல்லோ."

றீத்தம்மா, உமக்கு அப்படி ஒரு படம் காட்ட ஆர் இருந்தது? மீன் கடகத்தைத் தலைக்குத் தூக்க ஏலாமல் நீர் நின்ற அன்று, "ஒரு கட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமோ?" என்று கேட்டவன் நான். சவர்க்காரம் வாங்கித் தந்து, நல்லாய்த் தேய்த்துக் குளியும் என்றேன். நீரும் தோல் உரியத் தேய்த்தீர். சீழ் மணக்கும் என்று கோயிலில் வாசலோடு தனியாய் நின்றீர். நான் முன்னுக்கு நின்று பாடினேன்.

"இவளின்ர தாய்க்கும் இதுதானோ?" என்று டொக்டரிடம் கேட்டேன்.

"பாக்காமல் சொல்ல ஏலாது ஐயா. இருந்திருக்கலாம்."

பக்கத்தில் படுத்தவனே பார்க்கவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்லுவது?

இப்போது நீர் இருந்தால் அந்த பஸ்ஸில் யன்னல் பக்கம் உம்மை இருத்தி, ஒவ்வொரு போர்டாய் வாசித்துக் காட்டியிருப்பேன். "காணும், வாயை மூடுங்கோ" என்று நீர் சொல்லியிருப்பீர். அந்தச் சத்தத்தை ஒரு தரம் கேட்டால் போதும் எனக்கு.

அடுத்த செவ்வாய் திரும்பவும் போகிறோம். ஊசியோ, வெட்டுவதோ என்று அன்றைக்குத்தான் முடிவு. இந்த முறை நான் கெஞ்சவில்லை, அவளே வெளிக்கிடுகிறாள். வீட்டுக்கு வந்த உடனே இருந்து உமக்கு எழுதுவேன். நோகுது என்று அவள் சொன்னால், நோகுது என்றே எழுதுவேன்.

உம்முடைய மனிசன்,
அந்தோனிப்பிள்ளை