பகல் தாலாட்டு

வடக்குப்பட்டு,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

கர்த்தருக்குள் பிரியமான மகள் சலோமிக்கு அப்பாவின் ஸ்தோத்திரம். இங்கே நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், ஆபரேஷனில் கழுத்தில் போட்ட ஓட்டை சுத்தமாக இருக்கிறது, இருமலும் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார், கஞ்சியை விட்டு இட்லிக்கு வந்துவிட்டேன். அங்கே அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும், அம்மா பேரை வைத்துக்கொண்டு பிறந்த நம்ம சின்ன வாணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒரு விண்ணப்பமும் இல்லை. இந்தக் காலத்தில் எந்த அப்பன் கடிதாசி எழுதுகிறான் என்று நீ சிரிப்பாய். சிரி. நான் கழுத்தில் மெஷினை வைத்துப் பேசுகிற குரலைக் கேட்டால் நீ அழுகிறாய், எழுத்தில் என் குரல் பழைய மாதிரியே இருக்கிறது பார், அதனால்தான். பார்சலில் வசம்பும் மாசிக்காயும் நம்ம பழைய பக்கத்து ரூம் மரகதம் அக்கா இடித்துக் கொடுத்த பிரசவ மருந்துப் பொடியும் வைத்திருக்கிறேன், எட்டு மாசம் கழித்து எதற்கு என்று கேட்காதே, உடம்பு ஒரு வருஷத்துக்குப் பச்சை உடம்புதான். நைட் டியூட்டிக்குப் போகிறவள் காதில் பஞ்சு வைத்துக்கொள், அந்த ஊர்க் குளிர் நம்ம ஊர் மார்கழி மாதிரி கிடையாது.

போன மாசம் வீடியோவில் நீ பாப்பாவைக் காட்டினபோது நான் மெஷினைக் கழுத்தில் அழுத்தி வாணிம்மா என்று கூப்பிட்டேன். அவள் என்னையே பார்த்தாள், உதடு பிதுங்கியது, பிறகு வீல் என்று அழுதாள். தூக்கம்ப்பா, தூக்கத்துக்கு அழறா என்று நீ சமாளித்தாய். எனக்குத் தெரியும் கண்ணு, பயந்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை, நானே முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு மெஷினைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு நான் மதியச் சோறு தின்னவில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் இரண்டு நாள் கழித்து நீ குரல் செய்தி அனுப்பினாய். நைட் முடித்து வந்து படுத்தால் இவள் தூங்குவதில்லை, மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுகிறார், கண்ணெல்லாம் எரிகிறது, அம்மா பாடுமே பஸ்ஸிறங்கி பாட்டு, அது எப்படிப்பா போகும், எனக்கு முதல் அடிதான் நெஞ்சில் இருக்கிறது, கொஞ்சம் பாடி அனுப்புப்பா என்று சொன்னாய். சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினாய். சாரிப்பா என்றாய். மறந்து போய்க் கேட்டுவிட்டாய் என்பதுதான் எனக்குச் சந்தோஷம், ஒரு நிமிஷமாவது உனக்கு நான் பழைய அப்பாவாக இருந்தேனே. அதற்காக நீ அழ வேண்டியதில்லை.

அந்தப் பாட்டு உனக்குப் பாடினது என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாதி எனக்கு. பென்னலூரில் லைன் வீட்டில் ஒரே ரூம், நான் நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது நீ அப்போதுதான் முழித்து விளையாட ஆரம்பிப்பாய், ஜன்னலில் போர்வையைக் கட்டி ரூமை இருட்டாக்கி உன்னைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே அம்மா பாடுவாள். நீ தூங்கினால்தான் நான் தூங்க முடியும், நான் தூங்கினால்தான் மறுபடி கம்பெனி மெஷின் முன்னால் போய்க் கை கால் பத்திரமாக நிற்க முடியும், அது அவளுக்குத் தெரியும். அப்பா வந்தாரு பஸ்ஸிறங்கி, அரவம் பண்ணாதே கண்ணுறங்கு. ஜன்னலுக்குப் போர்வை கட்டி ராத்திரி பண்ணேன் கண்ணுறங்கு. சொல்லை எழுதிவிட்டேன், மெட்டை எப்படி எழுதுவது? யாரும் போட்டுக் கொடுத்த மெட்டு இல்லை, அவளே போட்டது. நீ பள்ளிக்கூடம் போன பிறகு அவள் அதைப் பாடவே இல்லை, போன் வந்த காலத்தில் சபையில் பாடினதையெல்லாம் பிடித்து வைத்தோம், இதைப் பிடிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அம்மா போய்விட்டாள். முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் நான், என் தொண்டையை எடுத்துவிட்டார்கள். மெஷினில் பாடிப் பார்த்தேன், ஒரே சுருதியில் ஒரகடம் கூட்ரோட்டில் லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருந்தது. நம்ம கோழிகூட எழுந்து போய்விட்டது.

கிடாரை எடுத்தேன். உனக்குத்தான் தெரியுமே, வாலிபர் கூடுகையில் கற்றுக்கொண்ட நாலு கார்டை, நாலே நாலு விரல் பிடியை வைத்தே இத்தனை வருஷம் சபையில் காலம் தள்ளினேன், ஜி, சி, டி, ஈ மைனர், பாட்டுக்காரர் பாடுவார் நான் பின்னால் ஜங் ஜங் என்று அடிப்பேன். இந்தப் பாட்டுக்கும் கார்டு பிடித்து அடித்துப் பார்த்தேன், சலோமி, பாடுகிற ஆள் இல்லாமல் வெறும் கார்டு என்ன சொல்லும்? அதே ஜி, சி, டி ஆயிரம் பாட்டுக்குப் பொருந்தும். என் காதுக்குள் அம்மா பாடிக்கொண்டிருக்கிறாள், வெளியே வருவது பந்தல் மட்டும்தான், கல்யாணப் பொண்ணைக் காணோம். பின் ரூமில் வாடகைக்கு இருக்கிற தம்பி மணிகண்டபிரபு ஷிப்ட் முடிந்து வந்தவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தான். வள்ளியூர்ப் பக்கத்துப் பிள்ளை, கார் சீட் தைக்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறான், பாலிடெக்னிக் படிக்கும்போது கிடார் கற்றவனாம். அண்ணாச்சி, எல்லாக் கம்பியையும் ஒண்ணா அள்ளி அடிச்சா பாட்டு எங்க கேக்கும், சந்தையில நின்னு கத்துத மாதிரிலா இருக்கு, கார்டுக்குள்ளயே பாட்டை வைக்கலாம், நான் சொல்லித் தாரேன் என்றான். நம்ம பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர், அதனால் நானும் தினம் அவனிடம் உன் கணக்கில் அரைக் கிலோ துவரம் பருப்பு பாக்கி என்று மெஷினில் சொல்லுவேன், அவன் மட்டும்தான் அந்தக் குரலுக்குச் சிரிப்பான்.

அவன் சொல்லிக்கொடுத்தது கேட்க லேசு, கைக்குத்தான் நரகம். கார்டைப் பிடித்த பிடியை விடக் கூடாது, கட்டைவிரல் தடித்த கம்பியைத் தட்டி ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தொட்டிலை ஆட்டுகிற கை மாதிரி அது நிற்கவே கூடாது. மெட்டு மெலிசான கம்பிகளில் போகும். சி பிடித்திருக்கும்போது ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் தூக்கினால் ஒரு சுரம், திரும்ப வைத்தால் ஒரு சுரம், சும்மா கிடக்கிற சுண்டுவிரலை நீட்டி அதே கம்பியில் வைத்தால் இன்னொன்று. ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் போகிற வழியில் இரண்டு மூன்று சுரம் கிடக்கும், அதை மிதித்துக்கொண்டு போகலாம் என்றான். என் சுண்டுவிரலைப் பற்றி என்ன சொல்ல, இத்தனை வருஷம் கம்பெனியிலும் சபையிலும் அது ஒரு வேலையும் செய்ததில்லை, சம்பளம் மட்டும் வாங்கிய ஆள். நீட்டினால் மற்ற விரல் கழன்றுவிடும், அதை அழுத்தினால் இது நடுங்கும். மெட்டு வந்தால் ஆட்டம் நின்றுவிடும், ஆட்டம் வந்தால் மெட்டு காணாமல் போகும். மெதுவா அண்ணாச்சி, லைனா இது, டார்கெட்டா வச்சிருக்கு, ஒரு வரியை மட்டும் பிடிங்க, பிசிறு இல்லாம வந்த பெறவு அடுத்ததுக்குப் போலாம் என்று அவன்தான் நிதானமாக இருந்தான்.

இன்னொரு கஷ்டம், அவனுக்குப் பாட்டுத் தெரியாது, எனக்குப் பாடிக் காட்ட வழியில்லை. அதனால் அவன் ஒரு சுரம் தட்டுவான், என் முகத்தைப் பார்ப்பான், நான் தலையை ஆட்டுவேன், அடுத்ததைத் தட்டுவான். கண்ணுறங்கு என்கிற சொல்லில் அம்மா கடைசி எழுத்தைக் கீழே இறக்காமல் மேலே தூக்கி விடுவாள், ஞாபகம் இருக்கிறதா? அவன் இறக்கியே வாசித்துக்கொண்டிருந்தான், தாலாட்டுன்னா இறங்கித்தான முடியும் என்று வாதம் வேறு. நான் கையைப் பிடித்து மேலே காட்டினேன். டி கார்டில் சுண்டுவிரலை மெலிசான கம்பியில் வைத்தான். அதுதான், சலோமி. அந்த ஒரு சுரம் கேட்டதும் நான் எழுந்து வெளியே போய்க் கோழிக்குத் தவிடு வைத்துவிட்டு வந்தேன். அழுதால் மூக்கு ஒழுகுகிறது, மூச்சு கழுத்து வழியாகப் போகிறது, எனக்கு இப்போது ஒழுங்காக அழக்கூட வராது. திரும்பி வந்தபோது அவன் அதே சுரத்தைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தான், நல்ல பிள்ளை.

இப்படி இரண்டு வரியும் வந்துவிட்டது. மூன்றாவது வரியில்தான் மாட்டிக்கொண்டேன். பொழுது சாஞ்சா எழுந்துக்கினு நாம மூணு பேரும், அவ்வளவுதான் எனக்கு வருகிறது. நாம மூணு பேரும் என்ன செய்வோம் என்று பாடினாள்? ஏரிக்கரைக்குப் போவோமா, வாலாஜாபாத் சந்தைக்குப் போவோமா, சாப்பிடுவோமா, எனக்குத் தெரியவில்லை. சொல்லும் இல்லை, மெட்டும் இல்லை. வயசானதால் மறந்து போச்சு என்று நினைத்தேன். யோசித்து யோசித்து ஒரு நாள் பல் விளக்கும்போதுதான் உறைத்தது, மறக்கவில்லை, நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு நாளும் அந்த இடம் வருவதற்குள் நான் தூங்கிவிடுவேன். நீ எனக்கும் முன்னாலேயே தூங்கியிருப்பாய்.

மனசு கேட்காமல் பஸ் ஏறிப் பென்னலூருக்குப் போனேன். லைன் வீட்டை இடித்துவிட்டு அங்கே கம்பெனிப் பெண்களுக்கு மூன்று மாடி ஹாஸ்டல் கட்டியிருக்கிறார்கள், நம்ம பக்கத்து ரூமில் இருந்த மரகதம் அக்கா அதன் எதிரில் இட்லிக் கடை போட்டிருக்கிறது. நான் மெஷினில் கேட்டதைப் புரிந்துகொள்ள அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் இட்லித் தட்டை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நீங்க ரெண்டு பேரும் தூங்கினப்புறம்கூட அது நிறுத்தாதுப்பா, சொல்லப்போனா அப்பதான் நல்லாப் பாடும், அரிசியில கல்லு பொறுக்கிக்கினே மெதுவா பாடிக்கினு இருக்கும், நான் சுவத்தாண்ட உக்காந்து கேட்டுக்கீறேன், ஆனா இன்னா பாடிச்சுன்னு எனக்கு எங்க ஞாபகம் கீது, மூணு பேரு மூணு பேருன்னு வரும், அதுதான் தெரியும் என்றது. அத்தனை வருஷம் அந்த ரூமில் அத்தனை பக்கத்தில் படுத்துக் கிடந்தேன், என் பொண்டாட்டி நன்றாகப் பாடின பாட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள்தான் கேட்டிருக்கிறாள். தூங்க வேண்டும் என்றுதான் அவள் பாடினாள், தூங்கினேன், அதில் யார் பேரிலும் குற்றமில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

மணிகண்டபிரபு ஒரு முடிவு போட்டுக் கொடுத்தான். ஆரம்பிச்ச கார்டுதான் வீடு அண்ணாச்சி, எங்க சுத்தினாலும் வீட்டுக்கு வந்துதான் முடிக்கணும் என்று மூணு பேருமிலிருந்து நாலு சுரம் இறங்கி ஜி-யில் கொண்டுவந்து நிறுத்தினான். அழகாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. இரண்டு நாள் நானும் வாசித்தேன். ஆனால் அது மணிகண்டபிரபு வீடு, நம்ம வீடு இல்லை. எடுத்துவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம், இப்படி டி-யில தொங்க விட்டா கேக்குதவங்களுக்கு மூச்சு முட்டும் என்றான். முட்டட்டும் என்று சொன்னேன்.

பாட்டை அவன் போனில் பிடித்து வைத்திருக்கிறோம். ஒரு இடத்தில் சுண்டுவிரல் வழுக்கும், ஒரு இடத்தில் பின்னால் சேவல் கூவும், மன்னித்துக்கொள், நான் புதுசாகப் படிக்கிறவன். பார்சல் கைக்கு வந்ததும் ஒரு வார்த்தை அனுப்பு, அன்றைக்கே பாட்டை அனுப்ப அவனிடம் சொல்லியிருக்கிறேன், கடிதத்தைப் படிக்காமல் கேட்க வேண்டாம் என்றுதான் நிறுத்தி வைத்திருக்கிறேன். டியூட்டி முடித்து வந்து ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, பாப்பாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நீயும் படு. இந்தச் சத்தத்துக்கு அவள் பயப்பட மாட்டாள். பெரியவளானதும் அது தாத்தா குரல் என்று சொல்லிவை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், பாப்பாவுக்கு நெற்றியில் என் முத்தம். வசம்பைச் சுட்டுத்தான் உரைக்க வேண்டும், பச்சையாக உரைத்துவிடாதே. இன்னொன்றையும் மறந்துவிடாதே. மூணு பேரும் என்கிற இடத்தில் பாட்டு சட்டென்று நின்றுவிடும், போன் கெட்டுப்போச்சு என்று தட்டிப் பார்க்காதே. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அங்கே நான் தூங்கிவிட்டேன்.

உன் அப்பா,
ஜெபகுமார்