ராக்கி தின்ற மீன் எண்ணெய் மாத்திரை

செவ்வாய்க்கிழமை, இரவு

இப்போதுதான் எனக்குச் சிரிப்பு அடங்கியது.

சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தால், ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது என்று என் வீட்டுக்காரருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மீன் எண்ணெய் மாத்திரை டப்பா கடிபட்டுக் கிடந்தது. பக்கத்தில் எங்கள் நாய் ராக்கி வாயை நக்கிக்கொண்டிருந்தது. தினம் ஒன்று என்ற கணக்கில் பத்து மீதி இருக்க வேண்டும். நாலுதான் இருந்தது. வாந்தி எடுக்கட்டும் என்று உப்பைக் கரைத்துப் புகட்டப் போனேன். நல்லவேளை, அதற்குமுன் மஞ்சக்குப்பத்து மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"உப்புத்தண்ணி எல்லாம் குடுக்காதீங்க. நாயையும் டப்பாவையும் எடுத்துக்கிட்டு வாங்க."

வீட்டுக்காரர் வண்டியை ஓட்ட, ராக்கியை மடியில் அணைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா டப்பாவில் எழுதியிருந்ததை வரி விடாமல் படித்தார்.

"வேற மருந்து எதுவும் இதுல கலக்கல. ஆறு மாத்திரையால ஒன்னும் ஆவாது. வயித்தால போவும், தண்ணி நெறைய வைங்க. இதுக்கு முன்ன தின்னுருக்கா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "தினம் ஒன்னு நான்தான் ராக்கிக்குப் போடுவேன். கடலுக்குப் போறவன் மீன் எண்ணெயப் போயி மாத்திரையா முழுங்குறதா?"

டாக்டரம்மா ராக்கியின் முதுகைத் தடவினார். "அதான் முடி இப்படி மின்னுது."

வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. வாசலில் இறங்கியதும் சிரித்துவிட்டேன். ராக்கி இரண்டுமுறை வெளியே போய் வந்து, இப்போது குறட்டை விடுகிறது.

வெள்ளிக்கிழமை அவருக்கு ரத்தப் பரிசோதனை. ராக்கியைத்தான் அனுப்ப வேண்டும்.