முதுகை மட்டும் பார்த்தவள்

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாம் அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. பக்கமெல்லாம் சிவப்பு. பதிப்பகத்து ஆசிரியருக்கு ‘சிவப்பு மை’ என்று நான் பெயர் வைத்தது சும்மா இல்லை.

என் நாவலில் ஓர் ஓவிய ஆசிரியர். மோட்டார் சைக்கிளில் ஒரு சிறுமியை இடித்துவிட்டு ஓடியவன் அவர்தான் என்று ஆள் மாறாட்டத்தில் பிடித்துப் போகிறார்கள். முழுக்க அவர் கண்வழியாகவே எழுதினேன். சிவப்பு மை போனில் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அவர் மண்டைக்குள்ள உக்காந்திருக்கீங்க, திடீர்னு எழுந்து வெளிய போயிடறீங்க. யாரு பாக்கற கதை இது?”

சலவைக் கடையில் துணி வாங்கிக் கொடுக்கிறவள்தானே என்று பாடம் எடுக்கிறார். நான் எங்கே எழுந்து போனேன்?

மார்ச் 4, புதன்

‘அவர்’ எல்லாவற்றையும் ‘நான்’ ஆக்கிப் பார்த்தேன். “நான் எந்தத் தப்பும் செய்யவில்லை” என்ற வரி வந்ததும் கை கூசியது. பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 7, சனி

தெருக்காரர்கள் சொல்வதாக எழுதினேன். ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். யாருக்கும் வலிக்கவில்லை.

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே படித்தார். “அடையாளம் காட்டற பொம்பள யாரு? ஒரே வரில வந்துட்டுப் போயிடறா?”

“அவ முக்கியம் இல்ல.”

“அவ சொல்லித்தானே எல்லாம் நடக்குது?”

உப்பு போதுமா என்று கேட்டேன். எங்கள் கல்யாணத்துக்கு முந்திய விஷயம். இவருக்குத் தெரியாது.

மார்ச் 11, புதன்

சிவப்பு மை மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை.

“நாற்பதாம் பக்கம் எடுங்க. அவர் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருக்காரு. ‘கடை மேசை டிராயரில் கிழிக்கப்படாத சீட்டு கிடந்தது’ன்னு எழுதியிருக்கீங்க. அவருக்கு அது எப்படித் தெரியும்? அதைப் பார்த்தது யாரு?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானேதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

எழுதவில்லை. ஒருவர் துணியை இன்னொருவருக்குக் கொடுக்கப் போய், கடைசி நொடியில் பிடுங்கி வைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

இந்த நோட்டிலாவது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் முகம் மனதில் நிற்காது. ‘காலர் கிழிஞ்சவர்’, ‘மைக்கறை’ என்றுதான் ஆட்களைத் தெரியும். ஓவிய ஆசிரியர் எனக்கு ‘பச்சைத் தையல்’. அவருடைய நீலச் சட்டை தோளில் கிழிந்திருந்தது. நீல நூல் தீர்ந்துபோய், பச்சையில் நானே தைத்தேன்.

ஆறு வருடத்துக்கு முன் நிஜமாகவே ஒரு சிறுமி கடைக்கு எதிரே அடிபட்டுக் கிடந்தாள். வண்டி போய்க்கொண்டிருந்தது. நீலச் சட்டை, தோளில் பச்சைத் தையல். போலீஸ் கேட்டதும் சொன்னேன்: “இது டிராயிங் சார் சட்டைங்க.” முகத்தைப் பார்த்தியா என்றார்கள். பார்த்தேன் என்றேன். ஏன் சொன்னேன்? சட்டை யாருடையது என்று தெரிந்தபோது முகத்தையும் பார்த்த மாதிரியே இருந்தது. அவ்வளவுதான்.

“அந்தச் சட்டையை நான் இன்னும் கடையிலேருந்து வாங்கவே இல்லீங்க” என்று அவர் கெஞ்சினார். கொடுத்தாச்சு என்றேன் நான்.

துணியை வாங்கிப் போனால் கடைச் சீட்டைக் கிழித்துவிடுவோம். ஒன்பது நாள் கழித்து டிராயரில் அவருடைய சீட்டு முழுசாகக் கிடந்தது. அலமாரியில் துணி இல்லை. மூட்டையை வேறு எவனுக்கோ தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் சாட்சி போதாது என்று அவரை விட்டுவிட்டார்கள். விட்டாச்சே, இனி என்ன என்று வாயை மூடிக்கொண்டேன். பள்ளிக்கூடம் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போதும் மூடிக்கொண்டேன். பாவி நான். அந்தச் சீட்டு இந்த நோட்டின் உறைக்குள்தான் இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

முதல் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன். முதல் வரி: ‘நான் அவன் முதுகை மட்டும்தான் பார்த்தேன்.’ அதன் பிறகு எங்கேயும் நிற்கவில்லை. எழுதியவள் வாயால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசிவரை கேட்டார். பிறகு, “புத்தகம் வந்தா உனக்குப் பேரு வரும். அவருக்கு என்ன வரும்?” என்றார்.

அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 22, ஞாயிறு

ஓவிய ஆசிரியரைத் தேடிப் போனேன். ஒரு தகரக் கொட்டகையில் கடைப் பலகைக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். முடி நரைத்துவிட்டது. முகத்தை இன்றுதான் முழுசாகப் பார்க்கிறேன்.

“சார், நான் சலவைக் கடை...” சீட்டை நீட்டினேன். துணியில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். தேதியைப் பார்த்தார்.

“இது எனக்குத் தெரிஞ்ச விஷயம்தானேம்மா. சட்டை வாங்கலேன்னு எனக்குத் தெரியாதா?”

அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. கொண்டுபோயிருந்த அத்தியாயத்தைத் தொடவும் இல்லை.

“கதை இருக்கட்டும். இந்தச் சீட்டோட பின்பக்கத்துல, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வீட்டுல காட்டணும். அவ இன்னும் நம்பல.”

ஐந்து வரி எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் எழுதியதில்லை.

மார்ச் 24, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுத்தேன். வீட்டுக்காரர் கூட வந்தார். முதலாளி இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

மார்ச் 26, வியாழன்

ஓவிய ஆசிரியர் சம்மதிக்காமல் நாவல் வெளிவராது என்று சிவப்பு மைக்கு எழுதிவிட்டேன். “சரி, காத்திருக்கேன்” என்று பதில்.

மார்ச் 30, திங்கள்

மத்தியானம் ஓர் அம்மா கடைக்கு வந்தார். கையில் துணி இல்லை. “நான் அவர் சம்சாரம்” என்றார். வாங்க என்றேன். உட்காரச் சொல்லத் தைரியம் வரவில்லை.

“எங்க உக்காந்து பார்த்த?”

மேசைக்குப் பின்னால் இருக்கும் என் ஸ்டூலைக் காட்டினேன். அவரே சுற்றி வந்து அதில் உட்கார்ந்தார். இடது பக்கம் சுவர். தெரு ஒருவழி, எல்லாம் அந்தப் பக்கமிருந்துதான் வரும். வண்டிகள் நம்மைத் தாண்டிய பிறகுதான் கண்ணில் படும். ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. இன்னொன்று போயிற்று. ஏழெட்டு வண்டி போகும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கேருந்து மூஞ்சியே தெரியலையே.”

“தெரியாதுங்க.”

“ஆறு வருஷமா அவரை நம்பாம உன்னை நம்பினேனே” என்றார்.

எழுந்து போய்விட்டார். கடை மூடும்வரை நின்றுகொண்டேதான் வேலை பார்த்தேன்.