கார்டுக்கு இரண்டாவது லைன்

எஸ்டேட் குடியிருப்பு,
குன்னூர்.

மகன் சுரேந்திரனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மழை விடவில்லை. அங்கே உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய கிராபிக்ஸ் கார்டு வந்து சேர்ந்தது. பார்சலில் உன் அம்மா பெயர்தான் இருந்தது. பிரித்தது நான். கத்தாருக்குப் போவதையும் அவளிடம் மட்டும்தான் சொல்லிவிட்டுப் போனாய். அன்றோடு நின்ற பேச்சு நின்றதுதான். இதுவும் அவளுக்காக எழுதுவது.

கோயம்புத்தூரில் அவளுடைய வலது கண் இனித் தேறாது என்று சொல்லிவிட்டார்கள். இடது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. எதுவரை தாங்கும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. போனில் நீ வந்தால் அவளுக்கு ஒரு நிழல்தான் தெரிகிறது. "புள்ள மெலிஞ்சிருக்கானா, பாத்துச் சொல்லுங்க" என்று என் பக்கம் நீட்டுகிறாள். நான் பார்ப்பதில்லை. நீ விட்டுப்போன கம்ப்யூட்டரின் பெரிய திரையில் முகம் தெரியும் என்பதுதான் அவள் நம்பிக்கை. பழைய கார்டோ ஈரத்தில் பூத்துப் போய்விட்டது.

புதியதை மாட்டினேன். ஃபேன் சுற்றியது, படம் வரவில்லை. கழற்றி, அழிரப்பரால் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டினேன். மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருகியிருந்தேன். அதில் தவறு செய்கிறவன் நானில்லை. மெமரியையும் கழற்றி மறுபடி மாட்டினேன். திரை கருப்பாகவே இருந்தது. "கார்டோட கோவமா, மகனோட கோவமா?" என்று கேட்டாள் உன் அம்மா.

அவளே மார்க்கெட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெனிஸுக்குப் போன் போட்டுவிட்டாள். வந்தவனை நான் எதையும் தொட விடவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கார்டுக்குத் தனியா கரண்ட் குடுக்கலீங்களா?" என்றான். அதற்கென்று இருந்த கேபிளை ஓரமாகக் கட்டி ஒதுக்கியதே நான்தான். தேயிலை ஃபேக்டரியில் ஒரு மெஷினுக்கு ஒரே கரண்ட் லைன். தெரியாமல் இரண்டாவது லைன் கொடுத்திருந்த ரோலரில், ஒன்றை மட்டும் அணைத்துவிட்டுக் கைவைத்துத்தான் என்னோடு வேலை பார்த்த தங்கையா போனான். கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் எலக்ட்ரிஷியன் தொழில் படித்த எனக்கு அந்தச் சாவுதான் பாடம். அதை அவனிடம் சொன்னேன். "ரெண்டும் ஒரே பவர் சப்ளை பெட்டியில இருந்து வர்றதுங்க, கார்டு மாட்டுற ஸ்லாட்டுல வர்ற கரண்ட் இந்தக் கார்டுக்குப் பத்தாதுங்க" என்றான். அனுப்பிவிட்டேன்.

அவன் போன பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரே பெட்டிதான். ஆஃப் செய்துவிட்டுச் செருகினேன். மீட்டர் சொன்னதற்காக, அவன் சொன்னதற்காக அல்ல. படம் வந்தது.

படம் என்றால் வெறும் நீல வெளிச்சம். உன் அம்மா அதன் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். இன்னும் யாரும் வரவில்லை என்று சொன்னேன். "வருவான், நீங்க எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. விளக்கு உன் முகத்துக்கு நேரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். தாடி வைத்திருந்தால் எடுத்துவிடு. வேலை இருக்கிறது என்று சீக்கிரம் வைத்துவிடாதே. அவள் பார்த்து முடிக்கட்டும். கேபிள் தளர்ந்தால் பிடிக்க ஆள் வேண்டும், அதனால் நான் திரைக்குப் பின்னால்தான் நிற்பேன். அங்கிருந்து படம் தெரியாது. அவளுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் கொஞ்சம் சத்தமாகப் பேசு.

நல்லபடியாக இரு.

அப்பா