அம்மாவின் மணிக்கட்டு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது, இந்த முறை பாதிதான் எழுத முடிகிறது. நான் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லத் தொடங்கினால் நீ அந்தப் பக்கம் அழுகிறாய், கடைசியில் சாப்பிட்டாச்சா என்று மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம், அதனால் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்த கையோடு அம்மாவின் இதயம் தானாக ஓட மறுத்துவிட்டது உனக்குத் தெரியும். கட்டில் பக்கத்தில் ஒரு மெஷின், தொடையிலிருந்து தடிதடியாக இரண்டு குழாய், ஒன்றில் கறுத்த ரத்தம் வெளியே வருகிறது, மற்றதில் பளிச்சென்று சிவந்து உள்ளே போகிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக அதுதான் உழைக்கிறது. முதல் நாள் அவள் கையைப் பிடித்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, மணிக்கட்டில் துடிப்பே இல்லை. ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். மெஷின் ரத்தத்தை ஒரே சீராகத் தள்ளும், இதயம் மாதிரி விட்டுவிட்டு அடிக்காது என்று நர்ஸ் விளக்கினாள்.

உன் பெரியம்மா செய்த வேலையைக் கேள். தங்கைக்குக் குளிருமே என்று வீட்டிலிருந்து கம்பளி கொண்டுவந்து கழுத்திலிருந்து கால்வரை போர்த்திவிட்டாள், குழாய்களும் உள்ளே போய்விட்டன. அந்த நர்ஸ், நான் அவளுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன், வெடுக்கென்று இழுத்துப் போட்டாள். "குழாய் எப்பவும் கண்ணுக்குத் தெரியணும்மா" என்றாள். பெரியம்மா முகம் சுண்டிப்போயிற்று. நர்ஸ் அதற்குள் எங்களை மறந்துவிட்டாள், கறுத்த ரத்தக் குழாய் படபடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. மெஷினுக்கு இழுக்க ரத்தம் வரவில்லை என்று அர்த்தமாம், நெஞ்சுக்குள் கசிந்து தேங்கியிருக்கிறது. சர்ஜன் ஓடிவந்தார். "ரத்தம் உறையாம இருக்கிற மருந்தைக் கொடுத்தா கசிவு நிக்காது, நிறுத்தினா மெஷின்ல ரத்தம் கட்டிக்கலாம். ரெண்டும் ஆபத்துதான் சார்" என்றார். மருந்தை நிறுத்திவிட்டு நெஞ்சைத் திரும்பத் திறக்கப்போவதாகச் சொன்னார், தலையாட்டினேன், நீ பக்கத்தில் இல்லையே என்று உன்மேல்கூடக் கோபம் வந்தது. தன் கம்பளியால்தான் குழாய் நடுங்கியதைப் பார்க்கத் தாமதமாகிவிட்டது என்று பெரியம்மா அன்றிலிருந்து உள்ளே வரவேயில்லை, கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ பேசு.

கசிவு நின்றுவிட்டது. அம்மாவின் இதயம் தாங்குகிறதா என்று பார்க்க இன்று காலை மெஷினின் வேகத்தைக் குறைத்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு விரலடியில் மெல்ல ஒரு தட்டு, இன்னொரு தட்டு. வேகத்தைக் கூட்டியதும் அடங்கிவிட்டது. நாளை மறுபடி குறைப்போம், தாங்கினால் குழாயை எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் உட்கார்ந்து பேசலாம் என்றார் டாக்டர். அந்தப் பேச்சு எதைப் பற்றி என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

இப்போது வரவா, பிறகு வரவா என்று கேட்டாயே, இப்போதே வா. என் ஆசி உன் கூடவே வரும், வழியில் பட்டினி கிடக்காதே. கம்பளி எதுவும் வாங்கி வராதே. வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், கையைக் கழுவிக்கொண்டு நேரே உள்ளே போய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடி. விரலுக்குக் கீழே ஏதாவது தட்டினால் அது மெஷின் இல்லை, அம்மா.

உன் வரவைப் பார்த்தபடி,
அப்பா