இரண்டு அட்டையில் ஒரே முகம்

3-8-1964
மழை. மூன்று தகரப் பெட்டி நிறையப் புகைப்படங்களை என் தலையில் கட்டிவிட்டார் மேலதிகாரி சிவஞானம் சார். இத்தனை வருடமாக மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் குடியேற வந்தவர்களை, கப்பல் இறங்கியதும் குடும்பம் குடும்பமாக நிற்க வைத்து எடுத்தவை. ஆயிரக்கணக்கில் இருக்கும். பாதியைப் பூஞ்சை தின்றிருக்கிறது. துடைத்து, அட்டையில் ஒட்டி, ஊர்வாரியாக அடுக்க வேண்டும். "ஜம்புலிங்கம், உனக்குத்தான் பொறுமை ஜாஸ்திப்பா." பொறுமையாம்! மற்றவன் எல்லாம் சிபாரிசில் வந்தவன், அவன் கையில் கொடுக்க முடியுமா?

11-8
ஈரத்துணியால் துடைத்ததில் ஒரு குடும்பத்துக்கே தலை போய்விட்டது. சிரிப்புத்தான் வந்தது. இனி காய்ந்த பஞ்சு.

26-8
ஊர்வாரியாகப் பிரித்தால் போதும் என்றார்கள். நான் முகம் பார்த்தும் பிரிக்கிறேன். ஒருமுறை பார்த்த முகம் எனக்கு மறக்காது. டாலிகஞ்சில் ஒழுகும் வாடகை வீட்டில் வருடக்கணக்காகக் கிடக்கிறேன். இந்தப் படங்களில் முழிக்கிறவனுக்கெல்லாம் நிலம். வயிறு எரிகிறது.

2-9
அகப்பட்டான்! கண்ணையா என்று ஒருவன். ஒரு படத்தில் மனைவி பொன்னம்மாவோடு நிற்கிறான். இன்னொன்றில், அதே சட்டை, அதே காதுத் தழும்பு, வண்டூர் செல்லத்துக்குப் புருஷனாக! ஆண் துணை இல்லாத குடும்பத்துக்கு நிலம் கிடையாது என்பது விதி. என் மனைவி ருக்குவிடம் சொன்னேன். "அந்தப் படத்த பொட்டிக்கு அடியில போட்டுடுங்க" என்கிறாள். அவளுக்கு எப்போதும் ஊரார் மேல்தான் பாசம்.

போடவா? எதற்குப் போட வேண்டும்?

4-9
சிவஞானம் சாரிடம் காட்டினேன். முதுகில் தட்டினார். "ஜமீன் காலியானா அந்த நெலத்த உனக்கே பாக்கலாம்யா."

19-9
செல்லம் வந்தாள். வண்டூரிலிருந்து நடந்தே வந்தாளாம், காலெல்லாம் சேறு. புருஷன் கப்பலிலேயே காய்ச்சலில் செத்துக் கடலில் போட்டுவிட்டார்களாம்.

"ஆம்பள இல்லேன்னா அதே ஜஹாஜ்ல திருப்பி அனுப்பிடுவாங்கன்னு சொன்னாங்க பாபு. கண்ணையா அண்ணன் படத்துக்கு மட்டுந்தான் நின்னுச்சு. ஜங்கிள வெட்டுனது பூரா நானு. தென்ன இப்பதான் பாள விட்டிருக்கு."

"படத்தில் இருப்பதுதான் எனக்குத் தெரியும்" என்றேன். அவள் அழவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. அழுதிருந்தால் என்ன?

21-10
செல்லத்தைச் சாத்தம் துறையில் கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

8-11
நிலம் எனக்கே! ஆனால் குடும்பத்தோடு அங்கே நின்று எடுத்த படம் வேண்டுமாம். ருக்கு வரமாட்டாளாம்.

"அவ வச்ச தென்னைக்குக் கீழ நான் வந்து நிக்கணுமா? தூ!"

கல்யாணமான நாளிலிருந்து எதிர்த்துப் பேசாதவள் — என்னைப் பார்த்துத் துப்பினாள். துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டுமே. நான் என்ன திருடினேனா? விதியைத்தானே சொன்னேன்?

13-11
கூப்பிடப் போனேன். அவள் அண்ணன் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினான்.

15-11
வண்டூரில் படம் எடுத்தாயிற்று. ஒரு சேலை தருவதாகச் சொன்னதும் பக்கத்து வீட்டு இந்திராணி வந்து என்னோடு நின்றாள். "கொஞ்சம் தலையக் குனிஞ்சுக்கம்மா" என்றேன். அட்டையில் நானே ஒட்டி, பக்கத்தில் 'மனைவி ருக்கு' என்று எழுதி, வண்டூர்க் கட்டுக்குள் வைத்துவிட்டேன். அலுவலகத்தில் முகம் பார்க்கிறவன் நான் ஒருவன்தான்.